வேட்பாளரிடம் ‘விலகுங்கள்’ என்று சொல்லப் போனோம்

சனிக்கிழமை நடந்த தேர்தல் தொண்டர் பயிற்சி வகுப்பின் கடைசியில் உங்களில் ஒருவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. மண்டபத்தைப் பூட்டவேண்டும் என்று காவலாளி வாசலில் வந்து நின்றுவிட்டார். கேள்வி இதுதான்: "அண்ணை, ஒரு கட்சி சனாதிபதித் தேர்தலுக்கு ஒராளை நிப்பாட்டுது. சனத்துக்கு ஆளைப் பிடிக்கேல்லை. கட்சிக்காரருக்கும் அது வடிவாத் தெரியும். பிறகேன் ஆளை மாத்தாமல் கிடந்து முழிக்கினம்? விசரரோ?"

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. இதே கேள்வியை இதே குரலில் நானும் ஒருகாலத்தில் கேட்டிருக்கிறேன். அதற்கான பதிலை ஒரு வார இறுதி முழுக்க ஸ்காபரோவுக்குள் ஓடித் திரிந்து என் கண்ணாலேயே பார்த்துமிருக்கிறேன்.

செப்டம்பரில் எனக்கு ஆசிரியர் வேலை தொடங்குகிறது. தேர்தல் வேலைக்கு இனி வரமாட்டேன். முப்பது வயதுக்கு முன்னரே ஓய்வுபெற்றவர் என்று நீங்கள் என்னைப் பகிடி பண்ணுகிறீர்கள். பண்ணுங்கள். ஓய்வுபெற்றவர்களுக்குப் பழங்கதை சொல்லும் உரிமை உண்டு. அதை ஒரு தடவை பயன்படுத்திக்கொள்கிறேன்.

என் கதையில் சனாதிபதி இல்லை. மாகாணத் தேர்தலில் ஒரே ஒரு தொகுதி, ஒரே ஒரு பல் வைத்தியர். ஆனால் பெரிய நாடுகளில் பெரிய மனிதர்களுக்கு நடப்பதுதான் இங்கேயும் நடந்தது. இங்கே எல்லோருடைய முகமும் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் அச்சில் இருப்பது எதுவானாலும் அது அப்படியே நடக்கும் என்று நம்பினேன். கட்சியில் சேர்ந்த வாரமே அதன் யாப்பை, அதாவது விதிப்புத்தகத்தை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்துவிட்டேன். தொகுதிச் சங்கத்தில் வேறு யாரும் அதை வாசித்திருக்கவில்லை. எனக்குச் ‘சட்டத்தரணி’ என்று பட்டம் வைத்தார்கள். பகிடிக்குத்தான், ஆனாலும் எனக்கு உள்ளூரப் பெருமை.

எங்கள் வேட்பாளர் பல் வைத்தியர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘டொக்டர்’. நாங்கள் குளிருக்குப் போட ஒழுங்கான ஜாக்கெட் இல்லாமல் வந்திறங்கிய காலத்தில், ஸ்காபரோவில் தமிழில் "வாயைத் திறவுங்கோ" என்று சொன்ன முதல் ஆள் அவர். நல்ல மனிதர். கோபம் மட்டும் கொஞ்சம் மூக்குநுனியில் இருக்கும்.

அவர் எப்படி வேட்பாளரானார் என்பதை நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். கட்சி ஒருவரைத் தெரிவுசெய்தது என்று பத்திரிகையில் எழுதுவார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ‘கட்சி’ என்று ஒருவர் அங்கே நிற்கமாட்டார். தொகுதிக்குள் வசிக்கிற, கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்த எவரும் வந்து வாக்குப் போடலாம். போட்டியிடுகிறவர்கள் மாதக்கணக்கில் வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பார்கள். டொக்டர் எங்கும் போகவில்லை. சனம் அவரிடம் வந்தது. "வாயில பஞ்சோட கையெழுத்து வைச்ச ஆக்களும் இருக்கினம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தெரிவுக் கூட்டத்தன்று மஞ்சள் பள்ளிக்கூட பஸ்களை வாடகைக்குப் பிடித்து ஆட்களை இறக்கினோம். மண்டபம் கொள்ளவில்லை. எதிர்த்து நின்ற மற்ற இருவரும் முதல் சுற்றிலேயே அவருக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் கத்தினதில் எனக்குக் குரல் போய்விட்டது!

அன்று ஒருவரும் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் கட்சிக்காக வந்தவர்கள் அல்ல. டொக்டருக்காக வந்தவர்கள்.

அதன் பிறகுதான் அந்த வானொலி நிகழ்ச்சி. நேயர்கள் போனில் கேள்வி கேட்கிற நிகழ்ச்சி. டொக்டர் கிளினிக்கில் நாள் முழுக்க நின்றுவிட்டு நேரே அங்கே போயிருந்தார். ஒரு பெண் கூப்பிட்டார். "நான் பகல் ஒரு இடத்தில வேலை, இரவு வேற இடத்தில வேலை. பிள்ளையளை விட டேகெயாரில இடம் இல்லையாம். உங்கட கட்சி வந்தா என்ன செய்யும்?" டொக்டர் பொதுவாக ஏதோ சொன்னார். அந்தப் பெண் விடவில்லை. "அது சரி டொக்டர், இடம் கிடைக்குமோ கிடையாதோ?" மறுபடியும் பொதுவாக ஏதோ சொன்னார். மறுபடியும் அதே கேள்வி வந்தது. அப்போதுதான் அந்த மனிதர் சொன்னார்:

"பிள்ளையளைப் பாக்க ஏலாதெண்டா ஏன் பெத்தனீங்கள்?"

அறிவிப்பாளர் அவசரமாக ஒரு பாட்டைப் போட்டுவிட்டார். பாட்டு முடிவதற்குள் ஸ்காபரோவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் எங்கள் தொகுதிக்குள் இருக்கிற வெக்ஸ்போர்ட்டில் ஒரு மாடிக்கட்டடத்தில் கதவு தட்டினோம். எங்கள் பிரசார மனேஜர் கலா அக்காவும் நானும். கலா அக்கா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் தொழிற்சங்க வேலை செய்தவர். அந்தக் கட்டடங்களில் மூன்று வருடமாகக் கதவு கதவாகப் போய், லிஃப்ட் உடைந்ததற்கும் ஹீற்றர் வேலை செய்யாததற்கும் சனத்தோடு நின்று சண்டை பிடித்தவர். அவருக்கு அங்கே கதவு சாத்தினதை நான் கண்டதேயில்லை. அன்று கண்டேன். ஒரு பெண் சங்கிலியைக் கழற்றாமலே எங்கள் கையிலிருந்த துண்டுப்பிரசுரத்தைப் பார்த்தார்.

"ஓம், மூண்டு பெத்தனான். ஏனெண்டு கேக்கத்தானே வந்தனீங்கள்? நில்லுங்கோ, மனுசனையும் எழுப்புறன். ரெண்டுபேருமாச் சேர்ந்து விளக்கம் சொல்லுறம்."

உள்ளேயிருந்து ஒரு ஆண்குரல், "என்னையேனப்பா இழுக்கிறாய்?" என்றது. கதவு சாத்தப்பட்டது. கலா அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மாடி முழுக்க இதே கதைதான். ஒரு வீட்டில் சின்னப் பெடியன் ஒருவன் ஓடிவந்து, "அம்மா, why-did-you-have-kids people வந்திருக்கினம்!" என்று கத்தினான். நாங்கள் படியால் இறங்கி ஓடினோம்.

அந்தக் கட்டடங்களின் வாக்கு இல்லாமல் அந்தத் தொகுதியை வெல்ல முடியாது. வெல்வதை விடுங்கள், கலா அக்காவின் மூன்று வருட வேலை அந்த ஒற்றை வசனத்தில் கரைந்துகொண்டிருந்தது. வேட்புமனுத் தாக்கல் திங்கட்கிழமை பின்னேரத்தோடு முடிகிறது. அதற்குள் பெயர் மாறவேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

நான் துள்ளிக்கொண்டு யாப்பை விரித்தேன். வழி இருந்தது! வேட்பாளர் தானாக விலகினால், தொகுதிச் சங்கம் வேறு பெயரைக் கொடுக்கலாம், தலைமையகம் கடிதம் தரும். அச்சில் இருக்கிறது, நடந்துவிடும் என்று நினைத்தேன். தலைமையகத்துக்குப் போன் எடுத்தேன். அங்கேயிருந்தவர் நல்ல மரியாதையாகச் சொன்னார், அது உங்கள் தொகுதியின் முடிவு, நீங்கள் கேட்டால் நாங்கள் மறிக்கமாட்டோம் என்று. ஓடிப்போய் எங்கள் சங்கத் தலைவரிடம் சொன்னேன். அவருக்குப் பலசரக்குக் கடை. எல்லோரும் ‘தலைவர் அண்ணை’ என்போம். அவர் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே, "அவை சொல்லட்டும் தம்பி. தலைமையகம் சொன்னா நாங்கள் மறிக்கமாட்டம்" என்றார்.

பாருங்கள், இரண்டு பக்கமும் மறிக்கத் தயாராக இல்லை. தொடங்கத்தான் ஒருவரும் இல்லை.

அன்று பின்னேரம் கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து கூட்டம். தலைவர் அண்ணை, கலா அக்கா, நான், சங்கத்தின் செயலாளர் ராகவன். ராகவன் சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர், பிக்கரிங்கில் வீடு, ரயிலில் டவுன்ரவுனுக்குப் போய்வருவார். டொக்டருக்குப் பதிலாக யார் என்று பேச்சுத் தொடங்கியது. ஒரு பெயர் சொன்னோம். "அவர் பழைய மாணவர் சங்கத் தலைவரல்லோ. மற்றப் பள்ளிக்கூடத்து ஆக்கள் ஒருத்தரும் போடமாட்டினம்." இன்னொரு பெயர் சொன்னோம். "வீடு விக்கிறவரோ? அவரிட்ட வீடு வாங்கின சனம் முழுக்க அவரோட கோபம்."

ராகவன் இரண்டு கையையும் தூக்கினார். "என்னைப் பார்க்காதீங்க. நான் தமிழ்நாடு. நான் நின்னா நீங்களே எனக்குப் போட மாட்டீங்க."

"அப்பிடி ஏன் சொல்லுறியள் ராகவன்?" என்றார் தலைவர் அண்ணை.

"போடுவீங்களா?"

தலைவர் அண்ணை மூட்டைக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு எல்லோருடைய பார்வையும் ஒரே பக்கம் போனது. கலா அக்கா தலையை ஆட்டினார்.

"என்னை விடுங்கோ. நானே போய் விலகுங்கோ எண்டு சொல்லிப்போட்டு, நானே அந்த இடத்தில நிண்டா, சனம் என்னைச் சும்மா விடுமோ? தள்ளி விழுத்திப்போட்டு ஏறினவள் எண்டு நான் செத்தாலும் சொல்லும்."

அது உண்மை. நிற்கத் தகுதியான ஆளால் விலகச் சொல்லிக் கேட்க முடியாது. கேட்டவர் பிறகு நிற்க முடியாது. அந்த அறையில் இந்த முடிச்சை அவிழ்க்க எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாததை நாங்கள் ஒத்திவைத்தோம். "முதல்ல அவர் விலகட்டும். ஆள் ஆரெண்டு பிறகு பாப்பம்" என்றார் தலைவர் அண்ணை. அப்பாடா என்று எல்லோருக்கும் மூச்சு வந்தது. நீங்கள் எங்காவது ஒரு கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரேயடியாக மூச்சு வருவதைக் கண்டால், உடனே பயப்படுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கலா அக்காவின் வான் வண்டியில், மில்லிக்கனில் இருக்கிற டொக்டரின் வீட்டுக்குப் புறப்பட்டோம். யார் வாயைத் திறப்பது என்று வழியெல்லாம் வாக்குவாதம். தலைவர் அண்ணையின் மகளுக்குப் பல்லுக்குக் கம்பி போட்டது டொக்டர். கலா அக்கா பேசினால் தனக்காகப் பேசினதாகும். நான் பெடியன். கடைசியில் ராகவனைப் பிடித்தோம்.

"நீங்கள்தான் பொதுவான ஆள். சொந்தமில்லை, ஊருமில்லை. நீங்கள் சொன்னா அவர் கோபிக்கமாட்டார்."

"அண்ணே, போன மாசம்தான் அவர்கிட்ட ரூட் கனால் பண்ணிக்கிட்டேன். இன்னும் ஒரு தடவை போகணும்!"

ராகவன் சொன்னதும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த வானுக்குள் டொக்டரின் நாற்காலியில் படுத்து வாயைத் திறக்காத ஆள் ஒருவர்கூட இல்லை. அவருக்கு முன்னால் நாங்கள் வாய் திறந்து பழகினவர்கள்தான், ஆனால் பேசிப் பழகவில்லை.

டொக்டரின் மனைவி கதவைத் திறந்தார். அன்ரியைப் பார்த்ததும் எங்களுக்குப் பாதித் தைரியம் போய்விட்டது. ரோல்ஸ் வந்தது. தேத்தண்ணி வந்தது. டொக்டர் சோபாவில் உட்கார்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் அண்ணை ராகவனைப் பார்த்தார். நான் ராகவனைப் பார்த்தேன். ராகவன் தொண்டையைச் செருமினார்.

"சார்… உடம்பெல்லாம் எப்படி இருக்கு? ரொம்ப அலைச்சல் இல்லையா… கொஞ்சம் ரெஸ்ட் எடுத்தா…"

"அதைத்தானே நானும் சொல்லுறன்!" என்றார் அன்ரி. "உவர் கேட்டால்தானே. இந்தாங்கோ தம்பி, இன்னொரு ரோல்ஸ்."

ராகவனின் வாய் அடைபட்டது. தலைவர் அண்ணை அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவார் என்று நினைத்தேன். அவர், "ரெஸ்ட் எல்லாம் தேர்தல் முடிய எடுக்கலாம்தானே, என்ன டொக்டர்?" என்றார்! கலா அக்கா அவரை முறைத்த முறைப்பில் ஆறின தேத்தண்ணியும் கொதித்திருக்கும்.

பிறகு சாப்பாடு. "சாப்பிடாமல் போகேலாது" என்று அன்ரி சொன்னால் போக முடியாது. ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்க் குழம்பு, பப்படம். குழைத்துச் சாப்பிட்டோம். பாதிச் சாப்பாட்டில் டொக்டர் கையை நிறுத்திவிட்டு, மேசையைப் பார்த்தபடி, மெதுவாகக் கேட்டார்:

"நான் விலகிறது நல்லமெண்டு நினைக்கிறியளோ?"

கேட்டேவிட்டார்! எங்கள் வேலையை அவரே செய்துவிட்டார். தலையை ஆட்டினாலே போதும்.

"ஐயோ, என்ன டொக்டர்!" "ஆர் சொன்னது அப்பிடி?" "சேச்சே, அதெல்லாம் இல்ல சார்!" நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில், வாயில் சோற்றோடு, சத்தியம் பண்ணாத குறையாக மறுத்தோம். என் குரலும் அதில் இருந்தது. தலைவர் அண்ணை ஒரு படி மேலே போய்க் கடை வாசலில் டொக்டரின் பெரிய படம் ஒன்று வைப்பதாக வாக்குக் கொடுத்தார். வாசலில் அன்ரி வாழைப்பழமும் தந்து அனுப்பினார்.

வான் ஸ்டீல்ஸ் வீதிச் சந்திக்கு வந்தது. அங்கே சிவப்பு விளக்கு. கலா அக்கா ஸ்டியரிங்கில் இரண்டு கையாலும் அடித்தார்.

"படம் வைக்கிறாராம் படம்! பெரிசாப் படம்!"

"நீரும்தானே ஐயோ எண்டனீர்," என்றார் தலைவர் அண்ணை.

"நாங்க நாலு பேரும்தான் சொன்னோம்," என்றார் ராகவன். "அந்த மனுஷன் நிஜமாவே கேட்டாருங்க. நம்ம சும்மா பேச்சுக்குக் கேட்டாருன்னு நினைச்சுட்டோம்."

அதுதான். எங்கள் பழக்கம் அப்படி. ஒருவர் "நான் போகட்டோ?" என்றால் "இருங்கோ" என்று சொல்லவேண்டும். அவர் உண்மையிலேயே போக நினைத்தாலும் சொல்லவேண்டும். அதற்குள்ளேயே வளர்ந்தவர்கள் நாங்கள். யாப்பின் எந்தப் பக்கத்திலும் இதற்கு ஒரு விதி எழுதியிருக்கவில்லை.

"திருப்புங்கோ அக்கா," என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "இப்பவே திருப்புங்கோ. வீட்டை போனா நாங்கள் பிறகு வரமாட்டம்."

விளக்கு பச்சையானது. கலா அக்கா ஒரு பிளாசாவுக்குள் விட்டு, வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே பறந்தார். ராகவன் கைபிடியைப் பிடித்துக்கொண்டார்.

அன்ரி கதவைத் திறந்தார். "என்ன, ஏதும் விட்டிட்டுப் போட்டியளோ?"

"ஓம் அக்கா," என்றார் கலா அக்கா. "சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டிட்டுப் போட்டம்."

டொக்டர் எழுந்து நின்றார். கலா அக்கா செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று சொன்னார்:

"டொக்டர், நீங்கள் நிண்டா நாங்கள் தோப்பம். அதைச் சொல்லத்தான் வந்தனாங்கள். சொல்லப் பயத்தில உங்கட சோத்தையும் திண்டிட்டுப் போட்டம்."

டொக்டர் குசினிக்குப் போனார். குழாயைத் திறந்து கை கழுவினார். நோயாளியைப் பார்க்கமுன் கழுவுவதுபோல விரல் விரலாகக் கழுவினார். துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"சரி. விலகிறன். எனக்குப் பதிலா ஆர்?"

நாங்கள் நால்வரும் வாசற்படியைப் பார்த்தோம்.

"ஆள் இல்லையோ?" அவருடைய குரல் ஏறியது. "ஆளே இல்லாமலோ என்னை எழும்பச் சொல்ல வந்தனீங்கள்? நாளைக்கு என்ர சனம் என்னட்டக் கேக்கும், டொக்டர், இனி ஆருக்குப் போடுறது எண்டு. நான் ஆரின்ர பேரைச் சொல்ல? வெறும் கதிரையின்ர பேரையோ?"

தம்பி தங்கைகளே, நீங்கள் சனிக்கிழமை கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு அந்த வாசற்படியில்தான் புரிந்தது. சனாதிபதி வேட்பாளரானாலும் சரி, எங்கள் டொக்டரானாலும் சரி, அவர் தனி ஆள் அல்ல. அவரோடு வந்த உறுப்பினர்கள், அவருக்காக வெயிலில் நின்ற தொண்டர்கள், அவரால் ஆளானவர்கள் எல்லோரும் அவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறார்கள். அவரை மட்டும் தனியாக உருவி எடுக்க முடியாது. எடுத்தால் அந்தச் சனம் எங்கே போகும் என்று ஒருவர் சொல்லவேண்டும். அதைச் சொல்லும் வாய் அவருடையதாக மட்டும்தான் இருக்க முடியும். ஆனால் யாருக்காக அதைச் சொல்வது என்று கட்சிக்குள் உடன்பாடு வராது. ‘இவரை வேண்டாம்’ என்பதில் எல்லோரும் ஒன்று. ‘இவர் வேண்டும்’ என்று வந்தவுடனே ஆளுக்கொரு திசை. அதனால்தான் பெரிய பெரிய கட்சிகளும் தோற்கப்போகிற ஆளோடேயே போய்த் தோற்கின்றன. மூளை இல்லாததால் அல்ல.

டொக்டரின் கேள்விக்குப் பதில் சொன்னவர் அன்ரி.

"உவை ஒருத்தரும் சொல்லமாட்டினம். நான் சொல்லுறன். உந்தா வாசல்ல நிக்கிறா. அவவைச் சொல்லுங்கோ."

கலா அக்கா ஒரு அடி பின்னால் போனார். "அக்கா, நான் இவரை விலகச் சொல்லிக் கேக்க வந்தனான். நான் எப்பிடி நிக்கிறது?"

டொக்டர் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, அதை நான் மறைக்கமாட்டேன். அரை நிமிடத்துக்கு முன்னர்தான் ஒரு மனிதனிடமிருந்து அவனுடைய ஆசையைப் பிடுங்கியிருக்கிறோம். பிறகு கோபம் மெல்ல வேறொன்றாக மாறியது.

"நீர் கேட்டதால நீர் நிக்கேலாது. சரி. நான் உம்மைக் கேட்டா?"

"என்ன டொக்டர்?"

"நான் கேக்கிறன். எனக்குப் பதிலா நிக்கிறீரோ?"

முடிச்சு அவிழ்ந்துவிட்டது! நான் கத்தாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனால் கலா அக்கா உடனே ஓம் சொல்லவில்லை. எங்களுக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அவர் நிதானமாக நின்றார்.

"அந்தப் பிள்ளையிட்ட றேடியோவில மன்னிப்புக் கேக்கவேணும். அது நடக்காட்டி நான் நிக்கமாட்டன்."

தலைவர் அண்ணை, "கலா, இப்ப ஏன் அதை…" என்று தொடங்கினார். டொக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"ஆருக்கு அது? கட்சிக்கோ, உமக்கோ?"

"அந்தப் பிள்ளைக்கு."

 டொக்டர் சுவரிலிருந்த போனை எடுத்து, வானொலிக்காரரின் இலக்கத்தை அன்ரியிடம் கேட்டார்.

அதன் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை வேகம் போதாது. அன்று பின்னேரமே அதே நிகழ்ச்சியில் டொக்டர் பேசினார். சுற்றி வளைக்கவில்லை. "நான் அண்டைக்கு அந்தப் பிள்ளைக்குச் சொன்னது பிழை. களைச்சுப்போய்ச் சொன்னனான் எண்டு சொல்லமாட்டன், அவவும் களைச்சுப்போய்த்தான் கேட்டவ" என்றார். கலா அக்காவின் பெயரைச் சொன்னார். புது வேட்புமனுவுக்குக் கையெழுத்து வேண்டும், தொகுதிக்குள் இருக்கிற ஆட்கள் காலையில் தன் கிளினிக்குக்கு வாருங்கள் என்றார்.

வருவார்களா? திங்கட்கிழமை காலையில் நான் கிளினிக் வாசலுக்குப் போனபோது வரிசை பிளாசாவின் மூலை வரை நின்றது! பல்வலிக்கு வந்தவர் யார், கையெழுத்துக்கு வந்தவர் யார் என்று பிரிக்க வரவேற்பாளர் பட்ட பாடு. வெக்ஸ்போர்ட் கட்டடங்களிலிருந்து பெண்கள் தள்ளுவண்டியும் பிள்ளையுமாக வந்தார்கள். ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு டொக்டரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பிடித்தான், இப்ப மனுசரைப்போலக் கதைச்சியள்" என்றார். டொக்டர் தலையைக் குனிந்து, "ஓம் பிள்ளை" என்றார். தலைமையகத்துக் கடிதம் ஃபாக்ஸில் வருவதற்குத் தலைவர் அண்ணையின் கடையில் காத்திருந்தோம். இயந்திரத்தில் தாள் முடிந்துபோய், ராகவன் மிளகாய்த்தூள் அடுக்குக்குப் பின்னால் தாள் தேடி எடுத்துப் போட்டார். கடிதம் வந்தது. வான் வண்டியில் பறந்தோம். தேர்தல் அதிகாரியின் அலுவலகத்தில் கதவை மூடத் தயாராக நின்றார்கள். உள்ளே போய்விட்டோம்!

வென்றோமா என்று கேட்பீர்கள். இல்லை. இரண்டாவதாக வந்தோம். ஆனால் அந்தக் கட்டடங்களின் வாக்குப் பெட்டிகள் எல்லாவற்றிலும் கலா அக்காதான் முதல். அடுத்த தடவை என்ன நடந்தது என்பதை நீங்களே அறிவீர்கள், இப்போது நீங்கள் வேலை செய்வது அவருடைய அலுவலகத்தில்தானே.

ஆனால் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் தேர்தல் நாள் அல்ல. அந்தத் திங்கட்கிழமை பின்னேரம். வேட்புமனுவைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோதுதான் தலைவர் அண்ணைக்கு ஞாபகம் வந்தது. "ஐயோ, வீட்டு முத்தத்தில நடுற தேர்தல் பலகை எல்லாத்திலயும் டொக்டரின்ர பேரல்லோ!" புதிதாக அடிக்க நேரமில்லை. கலா அக்காவின் பெயரைப் பட்டியாக அச்சடித்து எடுத்துவந்து, கடைக்குப் பின்னால் பலகைகளை அடுக்கி, பழைய பெயருக்கு மேலே ஒட்டத் தொடங்கினோம். நான்கு பலகை ஒட்டுவதற்குள் டொக்டரின் கார் வந்து நின்றது. இறங்கி, கோட்டைக் கழற்றிக் கார்க் கூரைமேல் போட்டார். என் கையிலிருந்த பசைத் தூரிகையை வாங்கிக்கொண்டார்.

"விடுங்கோ டொக்டர், நாங்கள் செய்யிறம்," என்றேன். "உங்கட பேரை நீங்களே மூடுறதோ?"

அவர் பட்டியின் ஒரு மூலையைப் பிடித்து, பல்லுக்குப் பல் பொருத்துகிற கவனத்தோடு நேர் பார்த்தார்.

"வேற ஆரும் மூடினா கோணலாப் போகும் தம்பி," என்றார். "மற்றப் பக்கத்தைப் பிடியும்."